சட்டம் சமம், சாவி யாரிடம்?

கரீபியன் கடலிலே மார்த்தினிக் என்றொரு தீவு. 1,100 சதுர கிலோமீட்டரை ஒட்டிய நிலப்பரப்பு, ஏறத்தாழ 3.5 இலட்சம் மக்கள். தலைமாட்டில் எரிமலை, மடியிலே கரும்பும் வாழையும். பாரிஸ் நகருக்கும் அதற்கும் இடையே ஒரு மாகடல் கிடக்கிறது. ஆயினும், சட்டம் கூறுகிறது, அத்தீவு பிரான்சின் ஒரு பகுதி என்று. பிரான்சின் கொடி அங்கே பறக்கிறது. பிரான்சின் நாடாளுமன்றத்துக்கு அங்கிருந்து உறுப்பினர்கள் செல்கிறார்கள். மக்கள் தொகைக் கணக்கெடுக்க வரும் அலுவலர் வயதைக் கேட்பார், தொழிலைக் கேட்பார், வீட்டிலே எத்தனை அறை என்றும் கேட்பார்; நிறம் என்ன என்று கேட்கமாட்டார். கேட்பதற்கு அந்த ஏட்டிலே இடமே இல்லை. குடியரசின் கண்களுக்கு நிறம் தெரியாதாம்!

அழகான ஏற்பாடு. ஆனால், அதே தீவிலே தெருவோடு போகும் சிறுவனை நிறுத்திக் கேளுங்கள். பேரங்காடி யாருடையது? வாழைத் தோட்டம் யாருடையது? கப்பலில் வந்திறங்கும் சரக்கு எவருடைய பண்டகசாலைக்குப் போகிறது? குடியரசுக்குத் தெரியாத நிறத்தை அந்தச் சிறுவன் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். "பெக்கே" என்பான். அடிமைகளை வைத்து ஆண்ட வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் வழிவந்தோருக்குத் தீவு மக்கள் இட்ட பெயர் அது. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கும் குறைவானவர்கள் அவர்கள். விளைநிலத்தில் பெரும் பங்கு அவர்களிடம். இறக்குமதியில், மொத்த வாணிபத்தில், மோட்டார் வண்டி விற்பனையில், பேரங்காடிகளில் பெரும் பங்கு அவர்களிடம்.

சட்டம் சமம் என்கிறது. சாவி யாரிடம் என்று மக்கள் கேட்கிறார்கள். இந்த இரண்டு வாசகங்களுக்கும் இடையே கிடக்கிறது அத்தீவின் நான்கு நூற்றாண்டு வரலாறு.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று கேட்போர் இருக்கலாம். பிறப்பைக் கேட்டுவிட்டுப் பிழைப்பை வகுத்த கொடுமையை அறிந்த நமக்கன்றி வேறு எவருக்கு அக்கதை விளங்கும்? அன்றியும், அந்தக் கரும்புக் கொல்லையிலே காரைக்காலின் கண்ணீரும் கலந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1635-இல் பிரெஞ்சுக்காரர் அத்தீவிலே கால் வைத்தனர். முதலில் புகையிலை, பிறகு கரும்பு. கரும்பு பொறுமையில்லாத பயிர். முற்றியதும் வெட்டவேண்டும், வெட்டியதும் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், சாறு காய்ந்துகொண்டிருக்கையில் அடுப்பு அணையக்கூடாது, அருகிருப்பவன் கண்ணயரக்கூடாது. அந்த வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் கொண்டுவரப்பட்டனர், கப்பலின் அடித்தட்டிலே, சரக்குக் கணக்கிலே! 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் ஒரு சட்டம் செய்தான். 'கறுப்புச் சட்டம்' என்று அதற்குப் பெயர். அடிமை என்பவன் அசையும் சொத்து என்றது அச்சட்டம். நாற்காலி அசையும் சொத்து, நாலுகால் மாடு அசையும் சொத்து, கறுப்பு மனிதனும் அசையும் சொத்து! அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறக்கும் பிள்ளை, தகப்பன் எவனாயினும், தாயைப் போல் அடிமையே என்றும் எழுதினான்.

இந்த ஒரு விதியின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். எசமானன் ஒருவன் அடிமைப் பெண்ணைச் சீரழிக்கிறான், பிள்ளை பிறக்கிறது. அதன் முகத்திலே தகப்பன் சாயல். சந்தையிலே அதற்கு ஒரு விலை! சொந்த இரத்தத்தையே சொத்துக் கணக்கிலே வரவு வைத்துக்கொள்ள வகைசெய்த சட்டம் அது.

அப்படிப் பிறந்த கலப்புப் பிள்ளைகளில் சிலருக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்றவர் பெருகினர், கடை வைத்தனர், கைத்தொழில் கற்றனர், நிலம் வாங்கினர். உடனே எசமானர்களுக்கு உதறல் எடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே கட்டளைகள் பறந்தன. நிறமுடையோர் வெள்ளையரின் பெயரைச் சூடக்கூடாது. மருத்துவத் தொழில் பார்க்கக்கூடாது. இன்ன ஆடை அணியக்கூடாது. நம் நாட்டிலே எவருக்கு எந்த ஆடை தடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் இதனைப் படித்து வியப்படையப்போவதில்லை.

கட்டளையோடு நின்றார்களா? கணக்கும் போட்டார்கள்! மார்த்தினிக்கிலே 1750-இல் பிறந்த மொரோ த சேன்-மெரி என்ற வழக்கறிஞர், மனித உடலின் இரத்தத்தை 128 பங்காக வகுத்து, வெள்ளைப் பங்கு இத்தனை, கறுப்புப் பங்கு இத்தனை என்று பட்டியல் தயாரித்தார். 127 பங்கு வெள்ளையாயினும் ஒரு பங்கு ஒட்டியிருந்தால் அவன் வெள்ளையன் ஆகான்! பெருக்கல் வகுத்தலுக்குப் பயன்பட்ட கணிதம், மனிதரை வகுக்கப் பயன்பட்டது.

ஏன் இத்தனை பாடு? தோலின் மீது அவர்களுக்கு இருந்த அழகுணர்ச்சியா? இல்லை, தோழர்களே! சிறு தொகையினர் பெருந்தொகையினரை ஆளவேண்டுமானால், பெருந்தொகையினரைப் படிக்கட்டாக அடுக்க வேண்டும். ஒவ்வொருவனுக்கும் மேலே ஏற ஒரு படியும், கீழே மிதிக்க ஒரு தலையும் காட்டவேண்டும். காட்டிவிட்டால், படிக்கட்டையே இடிக்கும் எண்ணம் எவனுக்கும் எழாது.

தீவின் கிரியோல் மொழியிலே இன்றும் வழங்கும் ஒரு சொல் உண்டு: "போ ஷாப்பே". தப்பித்த தோல் என்று பொருள். தகப்பனையும் தாயையும்விடச் சற்று வெளுத்துப் பிறந்த பிள்ளையைச் சுட்டும் சொல் அது. தோல் எதிலிருந்து தப்பித்தது? நோயிலிருந்தா? நெருப்பிலிருந்தா? கரும்புக் கொல்லையிலிருந்து தப்பித்தது! வெளுத்தவனுக்கு வீட்டு வேலை, கடை வேலை, எழுத்து வேலை, கறுத்தவனுக்கு வெட்டுக்கத்தி. ஒரு சொல்லுக்குள்ளே ஒரு சமுதாயத்தின் சம்பளப் பட்டியலே அடங்கிக் கிடக்கிறது. வெள்ளையரிலும் வறுமையுற்றவன் உண்டு. அவனுக்குத் தீவு மக்கள் இட்ட பெயர் 'கொய்யா பெக்கே'. தோல் வெளுப்பு, பை வறட்சி, ஆகவே பெரிய பெக்கேயின் பந்தியில் அவனுக்கு இடமில்லை. நிறத்தின் பெயரால் நடந்த அரசாட்சியில், நிறத்தையும் மிஞ்சிய தேவதை பணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

படிக்கட்டின் நடுவிலே நின்றவன் என்ன ஆனான் என்பதற்கு ஒருவனுடைய வாழ்வைச் சொல்கிறேன். நாடகம் எழுதுவோர் கற்பனை செய்யத் தயங்கும் வாழ்வு அது.

சிரில் பிஸெத் என்பது அவன் பெயர். கலப்பினத்தான், வாணிபம் செய்தவன், சுதந்திரமானவன். 1822-இல் கார்பே என்ற ஊரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களை அடக்கச் சென்ற படையிலே அவனும் நின்றான். கறுத்தவனை அடக்கிக் கொடுத்தால் வெளுத்தவன் அணைத்துக்கொள்வான் என்று கருதியிருக்கவேண்டும். அடுத்த ஆண்டிலே, சுதந்திரமான நிறமுடையோரின் குறைகளை எடுத்துரைக்கும் ஒரு சிறு வெளியீடு தீவிலே பரவியது. அடிமைகளை விடுவியுங்கள் என்றுகூட அது கேட்கவில்லை. எங்களுக்குச் சமத்துவம் கொடுங்கள் என்றுதான் கேட்டது. அதற்காகப் பிஸெத் பிடிபட்டான். 1824-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தோளிலே சூடு. ஆயுள் முழுதும் கைதியாகக் கடின உழைப்பு! அடிமையை அடக்க உதவிய தோளிலே, அடிமைக்கு இடும் அதே சூடு!

அந்தச் சூடுதான் அவனுக்குக் கண் திறந்தது. பின்னர்த் தீர்ப்பு இரத்தாயிற்று, நாடு கடத்தப்பட்டான், பாரிசிலே இதழ் நடத்தினான், அடிமைத்தனத்தை உடனே ஒழிக்கவேண்டும் என்று முழங்கினான். நடுப்படியில் நிற்பவன் மேற்படியைத் தொழுதுகொண்டே இருப்பான், அது தன்னை உதைக்கும் வரையில். உதைத்த பிறகுதான், கீழ்ப்படியில் இருப்பவனும் தானும் ஒரே மரத்தில் செதுக்கப்பட்டவர்கள் என்பது தெரியும். பிஸெத்துக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்ததா?

1848 வந்தது. பாரிசிலே புரட்சி, குடியரசு மலர்ந்தது, ஏப்ரல் 27-ஆம் நாள் அடிமை ஒழிப்பு ஆணை கையெழுத்தாயிற்று. விக்டர் ஷெல்ஷேரின் முயற்சியால் பிறந்த ஆணை அது. ஆணை கப்பலேறிக் கடலைக் கடந்து வரவேண்டும். வந்த பிறகும் இரண்டு மாதம் பொறுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தீவு பொறுக்கவில்லை. மே மாதம் ரோமேன் என்ற அடிமை பறையடித்தான் என்பதற்காகச் சிறையிலடைக்கப்பட்டான். பறையடித்தது குற்றமாம்! மக்கள் திரண்டனர், சேன்-பியேர் நகரிலே தீ எழுந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. மே 23-ஆம் நாள், பாரிஸ் ஆணை வந்து சேருமுன்பே, ஆளுநர் விடுதலையை அறிவித்தார். ஏறத்தாழ 73 ஆயிரம் மனிதர்கள் சொத்துப் பட்டியலிலிருந்து எழுந்து நின்றனர். மே 22-ஐத் தீவு இன்றும் கொண்டாடுகிறது. கொடுத்ததைப் பெற்ற நாள் என்றல்ல, எடுத்துக்கொண்ட நாள் என்று!

சங்கிலி அறுந்தது. அடுத்த காட்சி என்ன? இழப்பீடு! இருநூறு ஆண்டு உழைப்பைப் பறிகொடுத்தவனுக்கா? அன்று. உழைத்தவனை இழந்துவிட்டேன் என்று அழுத எசமானனுக்கு! 1849-இல் இயற்றிய சட்டத்தின்படி, பிரெஞ்சுக் குடியேற்றங்களின் அடிமை முதலாளிகளுக்கு 126 மில்லியன் பிராங்கு இழப்பீடு வகுக்கப்பட்டது. அதில் எட்டில் ஒரு பங்கை ஒதுக்கி, தீவுகளிலே வங்கிகளை நிறுவினார்கள். வங்கியும் அவர்கள் கையில். நிலமும் அவர்கள் கையில். ஆலையும் அவர்கள் கையில். விடுதலை பெற்றவன் கையில் என்ன இருந்தது? கை இருந்தது! அந்தக் கையையும் சும்மா விட்டார்களா? 1855-இல் ஆளுநர் ஒருவர், உழைப்பாளி ஒவ்வொருவனும் வேலைப் புத்தகம் வைத்திருக்கவேண்டும், எந்த எசமானனிடம் வேலை செய்கிறான் என்பது அதிலே எழுதப்பட்டிருக்கவேண்டும், இல்லையேல் நாடோடி எனத் தண்டனை என்று உத்தரவிட்டார். இரும்புச் சங்கிலி போய்க் காகிதச் சங்கிலி வந்தது.

கூலியை உயர்த்திக் கேட்டான் கறுப்பு உழைப்பாளி. முதலாளி கடலைப் பார்த்தான். கடலுக்கு அப்பால் நம் கரையைப் பார்த்தான்!

1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக்கிலே நங்கூரம் பாய்ச்சியது. அதிலிருந்து இறங்கியோர் தமிழர். புதுவையும் காரைக்காலும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள், உணவும் உடையும் என்றார்கள், கைநாட்டு வாங்கினார்கள், ஏற்றி அனுப்பினார்கள். 1880-களின் நடுப்பகுதி வரையில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் கொண்டுபோகப்பட்டனர். அண்டைத் தீவான குவாதலூப்புக்கு இன்னும் அதிகம். தமிழிலே உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் சொல் அங்கே மனிதனையே குறித்தது: "கூலி!" படிக்கட்டிலே கறுப்பனுக்கும் கீழே ஒரு புதுப் படி வெட்டி, அதிலே தமிழனை நிறுத்தினார்கள்.

சூழ்ச்சி பலித்தது. எங்கள் கூலியைக் கெடுக்க வந்தவன் என்று கறுப்பன் தமிழனை வெறுத்தான். தமிழனோ, கறுப்பனைக் கண்டு ஒதுங்கினான். எந்தக் கப்பலிலும் வராத வெறுப்பு, இருவர் நடுவே பயிராயிற்று. விளைச்சலை அறுத்தவன் முதலாளி.

தெய்வங்கள் அவர்களோடு கப்பலேறிச் சென்றன. மாரியம்மன் 'மாலியெமென்' ஆனாள். மதுரை வீரன் 'மல்தெவிலன்' ஆனான். நம் குழம்பு 'கொலம்போ' ஆகி, இன்று அத்தீவின் எல்லா வீட்டு அடுப்பிலும் கொதிக்கிறது. குடியுரிமை மட்டும் கப்பலேறவில்லை. குவாதலூப்பிலே பிறந்த தமிழ் வழியினர், பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் வாக்குரிமை இன்றி நின்றனர். ஹென்றி சிதம்பரம் என்ற பெருமகன், 1904-இல் அந்த உரிமைக்காகப் போராட்டம் தொடங்கினார். 1923 வரையில் ஓயாது வழக்காடி வென்றார். அவருடைய பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலே இடம்பெறத் தக்கது.

இருபதாம் நூற்றாண்டிலே, படிக்கட்டின் உள்ளே புகுந்து அதன் ஆணிகளை எண்ணிப் பார்த்தனர் இருவர். ஒருவர் ஏமே செசேர். 1913-இல் பாஸ்-புவாந்த் என்ற வடபகுதி ஊரிலே பிறந்தவர். கவிஞர், ஆசிரியர், நாடகாசிரியர், அரசியல் தலைவர். மற்றவர், செசேர் ஆசிரியராக இருந்த பள்ளியிலே பயின்ற ஃப்ரான்ஸ் ஃபனான்; மனநல மருத்துவர். 'நான் கறுப்பன்' என்று தலைநிமிர்ந்து சொல்லும் துணிவைச் செசேர் கொடுத்தார். அச்சொல்லை அதுவரையில் வசைச்சொல்லாகவே அத்தீவு கேட்டிருந்தது. 1952-இல் வெளியான 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' என்ற நூலிலே, அந்த வசை எப்படி மனத்துக்குள் குடியேறுகிறது என்பதை ஃபனான் ஆராய்ந்தார். தாழ்வு முதலில் பொருளாதாரத்திலே திணிக்கப்படுகிறது. பிறகு தோலுக்குள் ஊறிப்போகிறது என்பது அவர் கண்ட முடிவு. இந்த வரிசையை மறவாதீர். முதலில் பை, பிறகு தோல்! தோலுக்கு மட்டும் மருந்து தடவினால் நோய் தீராது என்பதே இதன் பொருள்.

1946 மார்ச்சு 19-இல், செசேரின் முயற்சியால், மார்த்தினிக் பிரான்சின் மாவட்டங்களில் ஒன்றாக ஆக்கப்பட்டது. அடிமையின் பேரர்கள் விரும்பிக் கேட்ட சட்டம் அது. ஏன் விரும்பினார்கள்? சட்டம் ஒன்றானால், தீவிலே சட்டமாக உலவிய பெக்கேயின் விருப்பம் ஒழியும் என்று நம்பினார்கள். நம்பிக்கைக்குக் கிடைத்த விடை என்ன? குறைந்தபட்ச ஊதியம் பிரான்சிலே எவ்வளவோ அவ்வளவே தீவிலும் என்ற நிலை வந்தது 1996-இல். சமத்துவம் என்ற ஒரு சொல், கையெழுத்திலிருந்து சம்பள உறைக்குப் போய்ச்சேர ஐம்பது ஆண்டு!

அந்த இடைக்காலத்திலே என்ன நடந்தது? 1948-இல் பாஸ்-புவாந்திலே கரும்பு வெட்டுவோர் வேலைநிறுத்தம். கலவரத்திலே தோட்ட நிர்வாகியான பெக்கே ஒருவர் கொல்லப்பட்டார். கொலையை எவரும் போற்றமாட்டார். ஆனால் யார் செய்தார் என்று கண்டுபிடிக்க இயலாத அரசு, 16 தொழிலாளரைச் சேர்த்துப் பிடித்தது. மூன்றாண்டு சிறையில் வைத்தது. கடல் கடந்து போர்தோ நகருக்குக் கொண்டுபோய் விசாரித்தது. அடிமை வாணிபத்தால் கொழுத்த துறைமுகம் அது! அங்கே 1951-இல் நடந்ததோ வேறு. 16 பேரும் விடுதலை! குற்றவாளிக் கூண்டிலே தொழிலாளர் நின்றார்கள். விசாரிக்கப்பட்டது தோட்ட ஆட்சி.

1961-இல் லமாந்தேன் ஊரில் கரும்புத் தொழிலாளர் கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு, மூவர் பலி. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையற்ற இளைஞர்களை 1963 முதல் 1981 வரையில் அரசே ஒரு நிறுவனம் அமைத்துப் பிரான்சுக்கு ஏற்றி அனுப்பியது. மருத்துவமனைப் பணியாளாக, அஞ்சல் பிரிப்போராக, வீட்டு வேலைக்காரியாக. வந்த கப்பல் ஒரு கணக்கு. போன கப்பல் இன்னொரு கணக்கு.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. படிக்கட்டு அப்படியே இருக்கவில்லை. பிரான்சிலிருந்து வந்த வெள்ளை அலுவலருக்கு விலைவாசிப் படி கொடுத்து, தீவின் மைந்தனுக்கு மறுத்தார்கள். 1953-இல் அரசு ஊழியர் நெடிய வேலைநிறுத்தம் செய்து அந்தப் படியைத் தாமும் பெற்றனர். பின்னர் அது 40 விழுக்காடு ஆயிற்று. நியாயமான வெற்றி. ஆனால் அதன் விளைவு? அரசு உத்தியோகம் பெற்ற கறுப்பர் ஒரு நடுத்தர வகுப்பாயினர். அங்காடியிலே விலை 40 விழுக்காடு ஏறினால் அவர் தாங்குவார். வாழைத்தார் சுமப்பவரும், வேலையற்றவரும், தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாயும் அதே விலையைக் கொடுக்கவேண்டும். படி மட்டும் இல்லை! கறுப்பரிலே இரு வகுப்பு உண்டாயிற்று. இதனைச் சொல்லத் தயங்கி, எல்லாக் கறுப்பரும் ஒன்று என்று மட்டும் பாடினால், பாட்டு இனிக்கும், பசி ஆறாது.

1974-க்கு வருவோம். வாழைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி உயர்வு கேட்டார்கள். கூலியோடு இன்னொன்றும் கேட்டார்கள்: நச்சு மருந்துகளை நிறுத்துங்கள்! பிப்ரவரி 14-ஆம் நாள், பாஸ்-புவாந்த் பக்கத்துச் சல்வே என்னும் இடத்திலே, காவற்படை சுட்டது. இல்மனி என்ற தொழிலாளி மாண்டார்.

நச்சு மருந்து என்று அவர்கள் சொன்னது வெறும் வாய்ச்சொல்லா? வாழையின் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க, குளோர்தெக்கோன் என்ற மருந்துக்கு 1972-இல் பிரான்சு அனுமதி தந்தது. 1975-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலே, அதனைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர் நடுக்கம் கண்டு நோயுற்றனர், ஆலை மூடப்பட்டது. 1979-இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வகம், இது புற்றுநோய் தரக்கூடும் என்றது. பிரான்சு 1990-இல் தடை செய்தது. ஆனால் தீவுகளிலே மட்டும் 1993 வரையில் தெளிக்க விதிவிலக்கு! தெளித்தவன் கறுப்பன்; தெளிக்கச் சொன்னவன் தோட்ட முதலாளி; அனுமதி தந்தவன் பாரிசின் அமைச்சன். மண்ணிலே இறங்கிய நஞ்சு, ஓடைக்குப் போயிற்று, ஓடையிலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனிதனுக்கு. இன்று தீவின் பெரியோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்திலே அந்த நஞ்சு இருக்கிறது. அன்று இரத்தத்தை 128 பங்காக வகுத்துப் பார்த்தார்கள். இன்று ஆய்வுக்கூடக் குப்பியிலே அந்த இரத்தத்தை வைத்துப் பார்த்தால், முதலாளித்துவத்தின் கையெழுத்துத் தெரிகிறது!

வழக்குத் தொடுத்தார்கள் 2006-இல். 2023 ஜனவரியிலே பாரிஸ் நீதிபதிகள், கொடுமை நடந்தது மெய், காலம் கடந்துவிட்டது, சான்றும் போதாது என்று வழக்கை முடித்தனர். 2025 மார்ச்சிலே மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம், அரசின் தவறுகளால் அஞ்சி வாழ்வோருக்கு இழப்பீடு உண்டு என்று ஒரு கதவைத் திறந்தது. 1849-இல் எசமானனுக்கு இழப்பீடு வகுக்க ஓராண்டு போதுமானதாயிருந்தது. உழைத்தவனின் பேரனுக்கு?

விலைக் கணக்குக்குத் திரும்புவோம். 2009 பிப்ரவரியிலே தீவு எழுந்தது. 38 நாள் கடை அடைப்பு. நாடு எங்களுடையது என்ற முழக்கம். அதே வேளையில், முதிய பெக்கே தொழிலதிபர் ஒருவர் தொலைக்காட்சியிலே, தம் இனத்தின் தூய்மையைக் காத்து வருவது பற்றிப் பெருமையாகப் பேசினார். குடியரசுக்குத் தெரியாத நிறம், அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது! 2022-இல் பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமே, மார்த்தினிக்கிலே உணவுப் பண்டங்களின் விலை பிரான்சைவிட 40 விழுக்காடு அதிகம் என்று கணக்குக் காட்டியது. 2024 செப்டம்பரில் மீண்டும் கிளர்ச்சி. அக்டோபரில் ஓர் ஒப்பந்தம்: ஏறத்தாழ 6,000 பண்டங்களின் விலையைச் சராசரி 20 விழுக்காடு குறைப்பதாக. கிளர்ச்சியைத் தொடங்கியோர், எல்லா உணவுக்கும் வேண்டும் என்று கூறிக் கையெழுத்திட மறுத்தனர்.

முதலாளிகளின் விடையையும் கேட்போம். கப்பல் கூலி அதிகம் என்கிறார்கள், மெய். தீவுக்கு வரும் சரக்குக்குப் பழைய கடல் வரி இருக்கிறது என்கிறார்கள், அதுவும் மெய். அப்படியானால் எளிய வழி ஒன்று உண்டே! கப்பல் கூலி இவ்வளவு, வரி இவ்வளவு, மொத்த வாணிபத்தில் இலாபம் இவ்வளவு, சில்லறையில் இலாபம் இவ்வளவு என்று ஏட்டைத் திறந்து காட்டலாமே! இறக்குமதி செய்பவரும், சேமிப்பவரும், மொத்தமாக விற்பவரும், சில்லறையாக விற்பவரும் ஒரே குடும்பத்தார் என்றால், ஒவ்வொரு படியிலும் இலாபம் ஒட்டிக்கொண்டே வருமன்றோ?

2020-இலே இளைஞர்கள் சிலைகளை வீழ்த்தினர். மே 22-இல் ஷெல்ஷேரின் சிலைகள். ஜூலையில், நெப்போலியனின் மனைவியும் தோட்ட முதலாளியின் மகளுமான ஜோசஃபீனின் சிலை. 1991-லேயே தலை துண்டிக்கப்பட்டு முண்டமாக நின்ற சிலை அது. விடுதலை எவருடைய கொடை என்று அவர்கள் கேட்ட கேள்வியிலே நியாயம் உண்டு. ஆனால், அந்த இளைஞர்களுக்கு நாம் அன்போடு சொல்லக்கூடியது ஒன்று. சிலை சாய்வதைக் கண்டு முதலாளி அஞ்சமாட்டான். கணக்கேடு திறப்பதைக் கண்டால் அஞ்சுவான்.

நிறமே எல்லாம், வெள்ளையன் இடத்திலே கறுப்பன் அமர்ந்தால் போதும் என்பார் ஒரு சாரார். அமர்ந்தவன் அதே பண்டகசாலையை அதே விலைக்கு நடத்தினால், வாங்க வரும் ஏழைத் தாய்க்கு என்ன மாற்றம்? நிறமா, அதெல்லாம் பழங்கதை, இன்று ஏழை பணக்காரன் என்ற பிரிவு மட்டுமே என்பார் மற்றொரு சாரார். அந்தப் பணம் எந்தத் தோலை உரித்துச் சேர்த்தது என்பதை மறைத்துவிட்டுப் பேசும் பேச்சு அது. நிறத்தை வைத்து உடைமையைப் பிரித்தார்கள். உடைமையை வைத்து நிறத்தைக் காத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலன்றிப் படிக்கட்டு ஆடாது. 'நான் கறுப்பன்' என்ற பெருமிதம் வேண்டும். அது முதுகை நிமிர்த்தும். நிமிர்ந்த பிறகு கை நீட்டிக் கேட்கவேண்டியது, நிலத்தையும் ஏட்டையும் சாவியையும்!

ஆகவே மார்த்தினிக்கின் கேள்வி, தனி நாடா, பிரான்சின் மாவட்டமா என்ற கேள்வியோடு முடிவதில்லை. எந்தக் கொடியின் கீழும் அந்தச் சாவி அதே இடுப்பிலே தொங்கமுடியும். 1848-இல் உடல் விடுதலை. 1946-இல் சட்டச் சமத்துவம். 1996-இல் ஊதியச் சமத்துவம். ஒவ்வொன்றும் தாமதமாக வந்தது; ஒவ்வொன்றும் போராடியதால் வந்தது. எஞ்சியிருப்பது உடைமைச் சமத்துவம். ஏடு திறக்கப்படவேண்டும். நஞ்சூட்டப்பட்ட மண்ணுக்கும் மக்களுக்கும் ஈடு செய்யப்படவேண்டும். ஒரு குடும்பமே கப்பலுக்கும் கடைக்கும் சொந்தமாயிருக்கும் நிலை ஒழிக்கப்படவேண்டும்.

பறையடித்த குற்றத்துக்காக ஒருவனைப் பூட்டினார்கள், அன்று. அந்தப் பூட்டைத் திறக்க எவரும் பாரிசிலிருந்து சாவி கொண்டுவரவில்லை. திரண்ட மக்களே திறந்தார்கள். பண்டகசாலைக் கதவுக்கும் அதே வழிதான்.